மச்சான் காத்த சேறு

என் மச்சானை நினைக்கும்போது எனக்கு முதலில் கண்ணில் தெரிவது அவர் முகம் அல்ல, ஒரு கழிப்பறைப் பீங்கான். வெளிர் பச்சை நிறம். குந்தி உட்காரும் பழைய மாதிரி. இடது ஓரத்தில் பெருவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைச் சிமெண்ட் ஒட்டு. கடல் ஓதம் வற்றிய ஒரு காலையில் அது சேற்றில் பாதி புதைந்து, வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. அதற்குள் தேங்கிய தண்ணீரில், ஒரு கொடுக்கு மட்டும் அளவுக்கு மீறி வளர்ந்த நண்டு ஒன்று, புதுவீட்டில் பால் காய்ச்சி முடித்த களைப்போடு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் கழுத்தில் விசிலும் கையில் மூங்கில் கம்புமாக மச்சான் நின்று, அந்தச் சிமெண்ட் ஒட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தக் காட்சியை நான் நேரில் பார்த்ததில்லை. அவர் சொல்லிக் கேட்டதுதான். ஆனாலும் என் கல்யாணத்தைவிட இது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. பீங்கான் என்னுடையது. ஒட்டுப் போட்டவர் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். நாங்கள் இருவருமே தாராவியில் பிறந்தவர்கள். இருவர் அப்பாக்களும் திருநெல்வேலியில் ரயிலேறி வந்தவர்கள். எனக்குக் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அவருக்குத் தோல் பட்டறை. பட்டறை மூடியபின் குழாய் வேலை, டைல்ஸ் வேலை என்று கையில் கிடைத்ததையெல்லாம் செய்தார். செம்பூருக்கும் வடாலாவுக்கும் நடுவே நாங்கள் வீடு வாங்கியபோது அந்தப் பீங்கானைப் பதித்தவர் அவர்தான். சுத்தியல் தவறி ஓரம் உடைந்துபோக, நான் வாயைத் திறப்பதற்குள் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டு, "உக்காந்துட்டா எல்லாப் பீங்கானும் ஒண்ணுதான்வே மாப்ள" என்றார். பிறகு எப்படியோ யாரையோ பிடித்து வனத்துறையில் ஒப்பந்தக் காவலராகச் சேர்ந்தார். தாராவித் தொண்ணூறடி ரோட்டைத் தாண்டினால் திசை தெரியாத ஆளுக்குக் காட்டில் வேலை! நான் சும்மா விடுவேனா? "என்ன மச்சான், இன்னிக்குப் புலி சாப்பிட்டுதா?" என்று போகும்போதும் வரும்போதும் கேட்பேன். "புலி இல்லவே, நண்டுதான். ஆனா உம்ம சொசைட்டி ஆளுங்களவிட ஒழுங்கா வரிசையில போவுது" என்பார்.

பிற்பாடு அவர் பொறுப்பில் வந்த காடு எங்கள் கட்டடத்தின் பின்மதிலை ஒட்டித்தான் இருந்தது. மோனோ ரயில் பாதை வளைந்து திரும்பும் இடத்துக்குக் கீழே எங்கள் நாலு மாடிக் கட்டடம். முன்வாசல் பம்பாயைப் பார்த்தது; டெம்போ, டாக்ஸி, டீக்கடை, பெட்ரோல் வாடை. பின்மதில் கடல்நீர் ஏறி இறங்கும் கழியைப் பார்த்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் அலையாத்தி என்கிற கண்டல் மரங்கள். மரம் என்று சொன்னால் எங்களில் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். எங்களுக்கு அது புதர். கொசு பிறக்கும் இடம், பாம்பு வரும் இடம். நாளுக்கு இரண்டு தடவை கடல் நகருக்குள் நடந்துவந்து, அந்தப் புதருக்குள் நுழைந்து, சத்தமில்லாமல் எதையோ விசாரித்துவிட்டுத் திரும்பிப் போகும். காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் இலைகளுக்கு மேல் மெல்லிய ஆவி நிற்கும். அதற்குள் வெள்ளைக் கொக்குகள் பாதி தெரிந்தும் தெரியாமலும் நிற்கும். குளிர்காலத்தில் தூரத்துச் சேற்றில் பூநாரைகள் இறங்கும்போது, யாரோ அடிவானத்தில் இளஞ்சிவப்புச் சேலை உலர்த்தியதுபோல் இருக்கும். இதையெல்லாம் நான் பார்க்கத்தான் செய்தேன். ஒன்பது மணி ஹார்பர் லைன் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் எதையும் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. சாதாரணப் பயம் அல்ல. உடம்போடு பிறந்து, நாற்பதுக்கு மேல் பதவி உயர்வு பெற்ற பயம். ஒரு நாள் ரயிலில், குர்லாவில் கூட்டம் ஏறிய நிமிடத்தில் நெஞ்சுக்குள் யாரோ தகர டப்பாவை உருட்டினார்கள். மூச்சு தொண்டையிலேயே நின்றது. இடது கை மரத்தது. இதோ சாகிறேன் என்று முடிவுசெய்து, பக்கத்தில் நின்றவரிடம் மனைவியின் போன் நம்பரைச் சொன்னேன். அவர் சாவகாசமாக, "அரே பாய், ஜன்னல் பக்கம் போ, காத்து வரும்" என்றார். அதற்குப் பிறகு சயானில் எங்கள் குடும்ப டாக்டரிடம் எத்தனை முறை ஈசிஜி எடுத்தேன் என்பது அவருக்கே மறந்துபோயிருக்கும். "உங்க இதயம் உங்களைவிட நிதானமா இருக்கு சார். அதை விட்டுடுங்க" என்பார். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரிவேன். ரயிலில் விழுந்தால் கண்டெடுப்பவர்கள் என் இதயம் நல்ல இதயம் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று. பயத்தை மறைக்க ஜோக் அடிப்பேன். ஜோக் அடித்ததால்தான் எங்கள் கட்டடக் குடியிருப்போர் சொசைட்டியின் பொதுக்கூட்டத்தில் என்னைச் செக்ரட்டரி ஆக்கிவிட்டார்கள்.

செக்ரட்டரி ஆனதும் வண்டி நிறுத்த இடம் இல்லை என்ற புகார் வந்தது. அதே சமயம் ஒவ்வொரு தீபாவளிக்கு முன்னாலும் ஏதாவது நாலு வீட்டில் தரை உடைத்து, குளியலறை மாற்றி, மூட்டை மூட்டையாக மல்பா குவியும். எங்கள் பம்பாயில் இடிபாட்டுக்கு அதுதான் பெயர். அதை அள்ளிப்போக லாரி பிடிப்பது பெரிய தலைவலி. எனக்கு ஞானோதயம் வந்தது. மல்பாவை மதிலுக்குப் பின்னால் கொட்டுவோம்; நாலைந்து வருடத்தில் நிலம் மேடாகும்; மதிலை உடைத்தால் பார்க்கிங். "கடலுக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டால் போதும், பத்தடி தள்ளி நிற்கும்" என்று கூட்டத்தில் சொன்னேன். கைதட்டினார்கள். முதல் காணிக்கை செக்ரட்டரியுடையதாக இருக்கட்டும் என்று என் வீட்டுப் பச்சைப் பீங்கானைப் பெயர்த்து, இரண்டு ஆட்களை வைத்து மதிலுக்கு மேல் தூக்கிப் போட்டேன். அது உருண்டு தள்ளிப்போய் விழ, சேறு அதை 'சளக்' என்று வாங்கிக்கொண்டது. ஒரு வருடத்தில் வீட்டுக்கு வீடு சிறுகச் சிறுகக் கொட்டியதும், வெளியிலிருந்து டம்ப்பர் லாரிகள் மோப்பம் பிடித்துவந்து கொட்டியதும் சேர்ந்து மதிலுக்குப் பின்னால் ஒரு மேடு எழும்பியது. அதன் அந்தப் பக்கம் இருந்த கண்டல் மரங்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகிக் காய்ந்தன. வெயிலில் காய்ந்தன என்று நான் விளக்கம் சொன்னேன். கடற்கரைச் சேற்றில் நிற்கிற மரம் தண்ணீர் கிடைக்காமல் காய்கிறது என்றால் அதில் ஏதோ இடிக்கிறதே என்று எனக்குத் தோன்றவில்லை.

மச்சான் அதுவரை வேறு பக்கத்துக் கழியில் இருந்தார். எங்கள் பக்கத்துக்கு மாற்றி வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பீங்கானைக் கண்டுபிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, பூட்ஸை வாசலில் கழற்றி, நல்ல பிள்ளையாக உட்கார்ந்து டீ குடித்தார். பிறகு தங்கச்சியிடம் கேட்டார்.

"ஏட்டி, நான் வச்ச பச்சப் பீங்கான் எங்க?"

"அத மாத்தியாச்சுல்லாண்ணே. இவுகளுக்கு முட்டி வலின்னு வெஸ்டர்ன் வச்சிருக்கு."

"சரி. பழசு எங்க?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்குள் தகர டப்பா உருளத் தொடங்கியது.

"என்ன மாப்ள, வேர்க்குது? பேன் ஓடுதுல்லா?"

"மச்சான், ஒரு பீங்கான்தானே..."

"பீங்கான் மட்டும்னா நானே தூக்கிட்டுப் போய் பூந்தொட்டி ஆக்கியிருப்பேன். அங்கன நாப்பது மரம் செத்துக் கெடக்கு. தண்ணி வந்து போற வாய்க்கால அடச்சு வச்சிருக்கீரு. நாளைக்கு ரிப்போர்ட் எழுதணும். உம்ம பேரத்தான் எழுதணும்."

"நான் உம்ம தங்கச்சி புருசன்வே!"

"அதனாலதான்வே மொதல்ல எழுதுதேன். சொந்தக்காரன விட்டுட்டு ஊரான் பேர எழுதினா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் லாரிக்கு முன்னால போய் நிக்கது?"

சொன்னபடியே எழுதினார். மேடு முழுவதையும் மழைக்கு முன்னால் அகற்றிவிட்டு வாய்க்காலைத் திறந்துவிடவேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. செக்ரட்டரி என்ற இடத்தில் என் முழுப்பெயர், இன்ஷியலோடு. அன்று முதல் நான் ஜெயிலில் இருப்பதுபோலவே நடந்துகொண்டேன். தலையணை இல்லாமல் படுத்துப் பழகினேன். மச்சானோடு பேச்சை நிறுத்தினேன். ஆனால் மேட்டை அகற்றினேனா? இல்லை. வயதும் நெஞ்சுவலியும் காரணம் காட்டி, ஈசிஜி நகலை இணைத்து, அவகாசம் கேட்டு ஒரு கடிதம் போட்டேன். இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் தாளை நெஞ்சுவலிக்குச் சான்றாக அனுப்பிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். தரைத்தளத்தில் ஒரு டீச்சர் இருந்தார். பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், தனியாள். அவர் மட்டும் ஒரு நாள் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார். "செக்ரட்டரி, பின்னாடி கொட்டினதை எடுக்கச் சொல்லியிருக்காளாமே? மழை வரப்போறதே?" "வரட்டும் டீச்சர், வந்தால் நனையும், அவ்வளவுதானே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கணக்கு டீச்சர்களிடம் என் ஜோக் எடுபட்டதே கிடையாது.

ஜூலையில் ஒரு பகல். காலையிலிருந்தே மழை நிற்கவில்லை. மதியம் பெரிய ஓதம் என்று டீக்கடைக்காரர்கள்வரை பேசிக்கொண்டார்கள். ஆபீசுக்கு லீவு போட்டிருந்தேன். பின்ஜன்னலில் நின்று பார்த்தபோது கழியும் வானமும் ஒரே சாம்பல் துணியாகத் தெரிந்தன. அந்தத் துணி மெதுவாக எங்களை நோக்கி உயர்ந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. பிறகு என் மேட்டுக்குப் பக்கத்தில், மரங்கள் செத்து மொட்டையாகிப்போன இடத்தில், ஓர் அலை தடையே இல்லாமல் ஓடிவந்து மதிலில் மோதியது. இரண்டாவது அலையில் செங்கல் தெரிந்தது. மூன்றாவதில் மதில், தூங்குகிறவர் புரண்டு படுப்பதுபோல, உள்பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் தரைத்தளத்துக்குள் போனது. "செக்ரட்டரி!" என்று டீச்சரின் குரல் ஒரே ஒரு தடவை கேட்டது.

வீரம் வந்து ஓடினேன் என்று எழுத ஆசைதான். படியில் பாதி இறங்கியதும் மூச்சு நின்றது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இடது கை, மரத்த விரல், தகர டப்பா, எல்லாம் ஆஜர். கீழே இடுப்பளவுத் தண்ணீரில் சிலிண்டர் மிதந்தது, பாடப்புத்தகங்கள் மிதந்தன, ஒரு முறத்தில் அரிசி அப்படியே சுற்றிச்சுற்றி வந்தது. அப்போது மச்சான் உடைந்த மதில் வழியாகத் தண்ணீரை அளைந்துகொண்டு உள்ளே வந்தார். கம்பால் முன்னால் தட்டித்தட்டி ஆழம் பார்த்துக்கொண்டு, கட்டிலின்மேல் ஏறி நின்ற டீச்சரின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து படியில் விட்டார். பிறகு என்னைப் பார்த்தார். எங்களுக்குள் பேச்சு நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"சாகுறதா இருந்தா அப்புறம் சாவும்வே மாப்ள. இப்ப இந்தச் சிலிண்டரப் பிடியும்."

பிடித்தேன். ஆச்சரியம், சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு சாக முடியாது போலிருக்கிறது. அதன்பின் புத்தகங்கள், பிறகு டிவி, பிறகு டீச்சரின் வீணை. மாலைவரை ஏற்றிக்கொண்டே இருந்தோம். வீணை பிழைக்கவில்லை. ஓதம் இறங்கத் தொடங்கியபோது மச்சான் என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். எங்கள் கட்டடத்துக்கு வடக்கே அடுத்த கட்டடம். அதே கழி, அதே மழை, அதே ஓதம். அவர்கள் மதில் நின்றது. மதிலுக்கு அப்பால் முப்பது முப்பத்தைந்து கஜத்துக்குக் கண்டல் காடு கழுத்தளவுத் தண்ணீரில் தலையாட்டிக்கொண்டிருந்தது.

"நல்லா பாரும். அங்கன அலை காட்டுக்குள்ள ஓடிப் போகுது, நடந்து வெளிய வருது. உம்ம பக்கம்தான் ஓடியே வருது."

அவ்வளவுதான் சொன்னார். கடிந்துகொள்ளவில்லை. திட்டியிருந்தால் நான் ஒரு ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன். கீழே டீச்சர் நனைந்த விடைத்தாள்களைக் கம்பிக் கைப்பிடியில் ஒவ்வொன்றாகக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அன்று எனக்கு வந்த பயம் வேறு வகை. அது நெஞ்சில் இல்லை, கண்ணில் இருந்தது. நான் செய்தது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மழை ஓய்ந்த ஞாயிறுகளில் மேட்டை அள்ளினோம். முதல் வாரம் நானும் மச்சானும் டீச்சரும் மட்டும். நாலாவது வாரத்தில் பாதிக் கட்டடம் வந்தது. தரைத்தளத்துக்கு அடுத்தது முதல் மாடிதான் என்ற கணக்கு அவர்களுக்கும் புரிந்திருந்தது. இரும்புச் சட்டிகளில் கல்லையும் உடைந்த ஓடுகளையும் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுவந்தோம். வாய்க்கால் திறந்த அன்று கழித் தண்ணீர் உள்ளே வந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெகுநாள் கழித்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறவர் போல், தயங்கித் தயங்கி, காய்ந்த வேர் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு வந்தது. பிறகு நட்டோம். கண்டல் விதை மொச்சைக்கொட்டை போல் இருக்கும். மரத்திலேயே முளைவிட்டுத்தான் கீழே விழும். "அவ்வளவு அவசரம்வே அதுக்கு. ஒரு ஓதத்துக்கும் அடுத்த ஓதத்துக்கும் நடுவுல வேர் பிடிக்கணும்லா" என்பார் மச்சான். சேற்றில் விரலால் குழி செய்து வைக்கவேண்டும். நான் வைத்ததில் பாதி மறுநாளே மிதந்து போனது. அவற்றுக்கும் பயந்து ஓடும் என் குணம் ஒட்டிக்கொண்டது என்றார்.

அந்தச் சேற்றில் உட்கார்ந்துதான் முதன்முதலாக அந்த வேர்களைக் கவனித்தேன். கண்டல் மரத்தைச் சுற்றிலும் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக ஆயிரக்கணக்கில் மேல்நோக்கி நிற்கும். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் மரம் வேரை வெளியே நீட்டி மூச்சு வாங்குகிறது. ஓதம் ஏறினால் எல்லாம் மூழ்கிவிடும். ஆறு மணி நேரம் மூச்சடக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். யாருடைய போன் நம்பரையும் யாரிடமும் சொல்வதில்லை. தண்ணீர் இறங்கியதும் மறுபடி வாங்கும். ஓர் இலையைக் கிள்ளி நக்கச் சொன்னார் மச்சான், உப்புக் கரித்தது. குடித்த கடலில் வேண்டாததை இலைவழியே வெளியே தள்ளிவிடுகிறதாம். நான் அங்கே மணிக்கணக்கில் உட்காரப் பழகினேன். இலைகளின் ஊடே வெளிச்சம் தண்ணீரில் விழுந்து, தண்ணீரிலிருந்து மறுபடி இலைகளின் அடிப்பக்கத்தில் ஏறி நெளியும். தலைக்கு மேலே மோனோ ரயில் பாதை எங்கோ வேறு ஊரில் இருப்பதுபோலிருக்கும். சேறு சின்னச் சின்னதாகக் குமிழிவிட்டுப் பேசும். நண்டுகள் அந்தப் பெரிய கொடுக்கை ஆட்டி ஆட்டி என்னைப் போகச் சொல்லும், பிறகு மறந்துவிடும். எத்தனை நேரம் போனதென்று தெரியாது. ஒரு நாள் எழுந்தபோதுதான் உறைத்தது: ஒரு மணி நேரமாக நான் நாடி பார்த்துக்கொள்ளவில்லை.

காடு என்றால் வேறெங்கோ இருப்பது என்று நினைத்திருந்தேன். புலி இருக்கும், போட்டோ எடுப்பார்கள், நமக்கென்ன என்று. மெல்ல மெல்லத்தான் விளங்கியது. மே மாதத்தில் முன்பக்க அறைகள் அடுப்பாகக் கொதிக்கும்போது பின்பக்க அறையில் தூங்க முடிந்ததற்கு அந்தப் புதர்தான் காரணம். என் தட்டில் வறுபடும் மீன் அந்த வேர்களுக்கு நடுவேதான் குஞ்சாக ஒளிந்து வளர்ந்திருந்தது. குழாயில் வரும் தண்ணீர்கூட வடக்கே மலைக்காடுகள் பிடித்துவைத்த மழைதானே. மூச்சு, சோறு, தண்ணீர், தூக்கம், மதில் என்று எதைத் தொட்டாலும் அதன் மறுமுனையை எங்கோ ஒரு மரம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நாம் காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்வதுகூட ஒரு பந்தாதான். தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் நாம். பின்மதிலாக நிற்பது அது. அதை உடைத்து வண்டி நிறுத்த நினைத்த மேதாவி நான்.

வருடங்கள் போயின. கன்றுகள் முதல் மாடி ஜன்னலைத் தொட்டன. அடுத்தடுத்த மழைக்காலங்களில் தண்ணீர் டீச்சரின் வாசல்படிவரை வந்தது, உள்ளே வரவில்லை. மச்சானுக்குத் தலை வெளுத்தது. லாரி வந்தால் டிரைவர் தோளில் கைபோட்டு மணிக்கணக்கில் வம்பளப்பார்; வேலை நேரத்தில் அரட்டையா என்று நான் கேலி செய்வேன். ஒப்பந்தம் வருடாவருடம் நீண்டது; வேலை நிரந்தரம் ஆகவேயில்லை. இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னால் நுரையீரலில் நோய் வந்து படுத்தார். தோல் பட்டறையில் இருபது வருடம் இழுத்த காற்று உள்ளேயே காத்திருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதும், தினம் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு வத்தம் எத்தனை மணிக்குவே?" என்பதுதான். ஓதம் வற்றும் நேரத்தைச் சொல்வேன். தலையை ஆட்டிக்கொள்வார். நான் மூச்சு வாங்குவதை அவர் கேலி செய்த காலம் போய், அவர் மூச்சு வாங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜோக்கும் வரவில்லை. நாலாவது நாள் காலை, நான் நேரத்தைச் சொன்னபோது அவர் தலையாட்டவில்லை. அவர் இடத்துக்கு இன்றுவரை யாரையும் போடவில்லை.

இந்த வருடம் பில்டர் வந்தார். கட்டடத்தை இடித்து அடுக்குமாடிக் கோபுரம் கட்டுவாராம். எல்லாருக்கும் பெரிய வீடு. அவர் கொண்டுவந்த ஒப்பந்தக் கட்டில் ஒரு தாள் இருந்தது: பின்மதிலுக்கு அப்பால் உள்ளது பழைய மேட்டு நிலம், அங்கே மரங்கள் இருந்ததில்லை என்று. செக்ரட்டரி கையெழுத்துப் போடவேண்டும். வேறு யாரும் முன்வராததால் நான்தான் இன்னும் செக்ரட்டரி. மாலைக் கூட்டத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பட்டறை முதலாளி ஒருவர் பேனாவைத் திறந்தே நீட்டினார். "ஒரு கையெழுத்துண்ணே. மரமெல்லாம் எங்க இருக்கு? புதருண்ணே அது." எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள், ஏதாவது சிரிப்பாகச் சொல்வேன் என்று. தகர டப்பா உருண்டது. கை மரத்தது. "என்னால முடியாது" என்றேன். உடனே ஒருவர் நாற்காலி போட்டார், ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார், ஒருவர் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைத் தேடினார். என் மறுப்பை யாரும் மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, வியாதியாக எடுத்துக்கொண்டார்கள். டீச்சர்தான் எழுந்து, "அவர் மயக்கத்துல சொல்லலை. முழிச்சிண்டுதான் சொல்றார். நன்னாக் கேட்டுக்கோங்கோ" என்றார். மறுவாரம் செக்ரட்டரி பதவி மூன்றாம் மாடிக்குப் போயிற்று. தாளில் புதுக் கையெழுத்து விழுந்தது. நான் வனத்துறை ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "ஆள் அனுப்பறோம்" என்கிறார்கள். அதுவரை?

அதுவரை காலையில், திரும்பக் கட்டியபோது பின்மதிலில் வைத்த வாயிலில் டீச்சர் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போடுகிறார். ஒன்றில் அவர், ஒன்றில் நான், நடுவில் பிளாஸ்க். இன்றைக்குத்தான் பில்டரின் முதலாவது டம்ப்பர் இடிபாட்டோடு வந்தது. பின்பக்கமாக வருகிற வண்டியின் பீப் பீப் சத்தம் கேட்டதும் என் நாடி எகிறியது. இருவரும் எழுந்து வழியில் நின்றோம். டிரைவர் தலையை நீட்டி, "கோன் ஹை ஆப் லோக்? ஹட்டோ" என்றான், யார் நீங்கள், விலகுங்கள் என்று. என்னிடம் விசிலும் இல்லை, பதவியும் இல்லை. தெரிந்தது ஒன்றுதான். பேச ஆரம்பித்தேன். எந்த ஊர், எத்தனை பிள்ளை, இந்த வண்டிக்கு என்ன வயது என்று கேட்டேன். குர்லா ரயிலில் நான் செத்துப்போன கதையைச் சொன்னேன், சிரித்தான். டீச்சர் டீ ஊற்றிக் கொடுத்தார். இறங்கி உட்கார்ந்து குடித்தான். ஈசிஜி கதை, தலையணை இல்லாமல் படுத்த கதை. பேசிக்கொண்டே கழியைப் பார்த்தேன். வற்றிக் கிடக்கும்போதுதான் சேறு வண்டியைத் தாங்கும். ஓதம் ஏறத் தொடங்கிவிட்டால் எந்த டிரைவரும் உள்ளே விடமாட்டான். அத்தனை வருடம் லாரிக்காரர்களோடு மச்சான் தோளில் கைபோட்டு வம்பளந்துகொண்டிருந்தது எதற்கு என்று எனக்கு அந்த நாற்காலியில்தான் புரிந்தது. முக்கால் மணி நேரம் பேசியே ஓட்டினேன். இலைகளுக்குக் கீழே வெளிச்சம் நெளிந்தது. மெல்லிய தகடாகத் தண்ணீர் வந்து பின்சக்கரத்தை நக்கியது. டிரைவர் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தபடியே வைதுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

"நாளைக்கும் வருவான்" என்றார் டீச்சர், கோப்பைகளைக் கழுவியபடி.

நாளைக்கு வற்றம் ஐம்பது நிமிடம் தள்ளி. இதே நேரத்துக்கு வந்தால் அவ்வளவு நேரம் கூடுதலாகப் பேசவேண்டும். கைவசம் இருந்த கதையெல்லாம் இன்றே தீர்ந்துவிட்டது. புதிதாக ஏதாவது யோசிக்கவேண்டும்.